அசல் சான்றிதழைப் பிடித்து வைத்திருக்கும் பள்ளி: மூன்று வாரத்தில் மீட்பது எப்படி?

கேள்வி: நான் எம்.எஸ்சி., பி.எட். முடித்த கணித ஆசிரியை. 2023 ஜூனில் ஒரு மெட்ரிக் மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்தேன். இப்போது சம்பளம் 18,000 ரூபாய். சேரும்போதே பத்தாம் வகுப்பு முதல் பி.எட். வரை எல்லா அசல் சான்றிதழ்களையும் அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள், ரசீது தரவில்லை. நியமன ஆணை 11 மாதத்துக்குத்தான். மே மாதம் விட்டு ஜூனில் புது ஆணை தருவார்கள். தவிர, 20 ரூபாய் முத்திரைத்தாளில் “மூன்று ஆண்டு பணியாற்றுவேன், இடையில் விலகினால் ஒரு லட்சம் ரூபாய் தருவேன்” என்று எழுதி வாங்கி, தொகை நிரப்பாத இரண்டு காசோலைகளிலும் கையெழுத்து வாங்கினார்கள். மூன்றாண்டு முடிய இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. இப்போது ஆசிரியர் தேர்வு வாரியத்தில் முதுகலை ஆசிரியர் பணிக்கான சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்திருக்கிறது. மூன்று வாரமே இருக்கிறது. தாளாளரோ “ஒரு லட்சத்தை வைத்துவிட்டு சர்ட்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு போ” என்கிறார். எங்கள் பள்ளி ஆயாம்மாவுக்கும் ஒரு சிக்கல். ஆறு ஆண்டாக வேலை பார்க்கிறார், கையில் 9,000 ரூபாய் சம்பளம். சென்ற ஆண்டு அவர் பெயரை மேன்பவர் ஏஜென்சிக்கு மாற்றிவிட்டு, “நீ வேலையை விட்டு நின்றால் பள்ளி உனக்கு எதுவும் தராது” என்கிறார்கள். இருவரும் என்ன செய்வது?

பதில்: முதலில் ஒன்று. அவசரப்பட்டு ராஜினாமா கடிதம் கொடுக்காதீர்கள். சான்றிதழ் சரிபார்ப்புக்கு வந்த அழைப்பு பணி ஆணை ஆகாது. உங்களுக்கு இப்போது தேவை ஒரே நாள் விடுப்பும் உங்கள் சான்றிதழ்களும். நீங்கள் வேலையை விடாதவரை, முத்திரைத்தாளில் உள்ள ஒரு லட்சம் பேச்சுக்கே இடமில்லை; அந்த நிபந்தனையை நீங்கள் இன்னும் மீறவில்லை. தாளாளர் இன்று கேட்பது வராத கடனுக்கு வசூல். “விலகப் போகிறேன்” என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தச் சாதகம் போய்விடும். சான்றிதழ் கேட்ட காரணத்துக்காக அவர்களாகவே உங்களை நீக்கினால், இடையில் விலகியவர் நீங்கள் இல்லை, பள்ளிதான்.

பள்ளிகள் ஏன் இப்படிச் செய்கின்றன என்பது தெரிந்ததுதான். ஆள் எடுப்பது ஏப்ரல், மே மாதங்களில். அரசுத் தேர்வு முடிவு வருவது நடு ஆண்டில். ஜனவரியில் பன்னிரண்டாம் வகுப்புக் கணித ஆசிரியர் போய்விட்டால், பொதுத்தேர்வுக்கு முன் மாற்று ஆள் கிடைப்பது கடினம். அந்தக் கவலை நியாயமானது. அதற்குச் சட்டம் தரும் வழி முன்னறிவிப்புக் காலமும், உண்மையாக ஏற்பட்ட இழப்புக்கு ஈடும். ஒருவரின் பட்டத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டுவது அதில் சேராது.

சட்ட நிலை இது. ஒரு கணக்கின் பாக்கிக்காகப் பிறர் பொருளைப் பொதுவாகப் பிடித்து வைக்கும் உரிமையை இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 171ஆம் பிரிவு சிலருக்குத்தான் தருகிறது: வங்கியர், வணிக முகவர், துறைமேடைக் கிடங்குக்காரர், உயர் நீதிமன்ற வழக்கறிஞர், காப்பீட்டுத் தரகர். மற்றவர்களுக்குத் தனி ஒப்பந்தம் வேண்டும். பட்டச் சான்றிதழ் விற்றுக் காசாக்கும் பொருளும் அல்ல. வழக்கறிஞர் பெயர் அந்தப் பட்டியலில் இருந்தும், கட்டண பாக்கிக்காக வழக்கு ஆவணங்களைப் பிடித்து வைக்க வழக்கறிஞருக்கு உரிமை இல்லை என்று 2000ஆம் ஆண்டு ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பட்டியலிலேயே இல்லாத பள்ளிக்கு எங்கிருந்து வரும்?

இன்றே ஒரு கடிதம் எழுதுங்கள். தாளாளர், முதல்வர் இருவர் பெயருக்கும் இருக்கட்டும். மூன்று விஷயம் போதும்: இன்ன தேதியில் அலுவலகத்தில் ஒப்படைத்த சான்றிதழ்கள் இவை, இன்ன தேதியில் சரிபார்ப்புக்கு அசல் தேவை, ஐந்து நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். “சான்றிதழ்கள்” என்று மொத்தமாக எழுதாமல் ஒவ்வொன்றின் பெயரையும் பதிவெண்ணையும் தேர்ச்சி ஆண்டையும் எழுதுங்கள். பின்னால் ஒன்று குறைந்தால் இந்தப் பட்டியல்தான் பேசும். காசோலை எண்களையும் அதில் குறித்து, எந்தக் கடனுக்காகவும் தராதவை, திருப்பித் தர வேண்டும் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய பதிவுத் தபால் 2025 செப்டம்பர் முதல் விரைவுத் தபாலுடன் இணைந்துவிட்டது. ஒப்புகை கேட்டு விரைவுத் தபாலில் அனுப்பி, மின்னஞ்சலிலும் ஒரு பிரதி போடுங்கள்.

ரசீது இல்லை என்பதுதான் உங்கள் பலவீனம். “எங்களிடம் எதுவும் இல்லை” என்று பள்ளி கைவிரித்தால் வழக்கு அங்கேயே தடுமாறும். ஆகவே கடிதம் போய்ச் சேரும் முன்னர், அலுவலக எழுத்தருக்கோ முதல்வருக்கோ வாட்ஸ்அப்பில் இயல்பாக ஒரு செய்தி அனுப்புங்கள்: “சார், 2023 ஜூனில் ஆபீஸில் கொடுத்த என் ஒரிஜினல்ஸ் டிஆர்பி வெரிபிகேஷனுக்கு வேண்டும், எப்போது வந்து வாங்கிக்கொள்ளலாம்?” “தாளாளரைக் கேட்டுத் தருகிறேன்” என்று ஒரு வரி பதில் வந்தால் அதுவே சான்று. உரையாடலை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். மின்னணுப் பதிவைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவுச் சான்று இணைக்க வேண்டும். அதை உங்கள் வழக்கறிஞர் தயாரிப்பார்.

கடிதத்தின் நகலை மாவட்டக் கல்வி அலுவலரிடம் (தனியார் பள்ளிகள்) நேரில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து மனு ரசீது வாங்குங்கள். நம்பிக்கை மோசடி என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் (புதிய குற்றவியல் சட்டம்) 316ஆம் பிரிவில் வழக்குப் பதிவார்கள் என்று மட்டும் நம்பி இருக்காதீர்கள். “சிவில் விவகாரம்” என்று அனுப்பிவிடுவதே பெரும்பாலும் நடப்பது. ஆனால் அந்த ரசீதுக்கு மதிப்பு உண்டு. காவல் நிலையத்திலிருந்து ஒரு போன் போனதும் சான்றிதழ் வெளியே வருவதும் உண்டு.

ஐந்து நாளில் வரவில்லை என்றால் ஆறாம் நாள் மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கு. குறித்தவகைத் தீர்வழிச் சட்டத்தின் 7, 8ஆம் பிரிவுகள், உரிமையாளர் அல்லாதவர் கையில் இருக்கும் பொருளை உரியவரிடம் ஒப்படைக்கச் செய்வதற்காகவே உள்ளவை. கூடவே, சரிபார்ப்புத் தேதியைக் காட்டி, இடைக்காலமாக ஒப்படைக்க உத்தரவு கேட்டு அவசர மனு போட வேண்டும். அழைப்புக் கடிதத்தின் நகல்தான் அந்த மனுவின் உயிர். இங்கே பலர் செய்யும் தவறு, பலமாக இருக்கட்டும் என்று கல்வி அதிகாரியையும் பிரதிவாதியாகச் சேர்ப்பது. அரசு அலுவலரைச் சேர்த்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80ஆம் பிரிவில் இரண்டு மாத முன்னறிவிப்பு என்ற தடை குறுக்கே வரும். அதிலிருந்து விலக்குக் கேட்பதிலேயே நாள் போகும். பள்ளியையும் அறக்கட்டளையையும் மட்டும் சேர்த்தால் போதும். நேராக உயர் நீதிமன்றம் போகலாமா என்றால், தனியார் பள்ளியின் பணி ஒப்பந்தத் தகராறுக்கு நீதிப்பேராணை (ரிட்) கிடைக்காது என்று 2022இல் செயின்ட் மேரிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை எதிரில் வைப்பார்கள். செலவுக்கு அஞ்ச வேண்டாம். பெண் என்ற தகுதியிலேயே, வருமானம் எவ்வளவானாலும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் உங்களுக்கு இலவச வழக்கறிஞர் உண்டு. தொலைபேசி 15100.

“சான்றிதழ் தொலைந்துவிட்டது” என்று புகார் கொடுத்து நகல் வாங்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எங்கே இருக்கிறது என்று தெரிந்தே அப்படி எழுதுவது பொய் வாக்குமூலம். நாளை பள்ளி அசலை எடுத்துக் காட்டினால் அரசு வேலைக்கே ஆபத்து. அதற்குப் பதில், டிஜிலாக்கரில் கிடைக்கும் மதிப்பெண் சான்றுகளை எடுத்து வையுங்கள். இணைய வழியில் பெற்ற சாதிச் சான்றிதழை மறுபடி அச்சிட்டுக்கொள்ளலாம். அன்றைக்கும் அசல் வரவில்லை என்றால் சரிபார்ப்புக்குப் போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். நகல்கள், கடிதம், தபால் ரசீது, மனு ரசீது, வழக்கு எண் எல்லாவற்றையும் இணைத்து அவகாசம் கேட்டு மனுக் கொடுத்து, பெற்றதற்கு ஒப்பம் வாங்குங்கள்.

காசோலைக்கு வருவோம். கையெழுத்து உங்களுடையது என்றால், தொகையை யார் நிரப்பினாலும் கடனுக்குத் தந்ததாகவே சட்டம் முதலில் ஊகிக்கும். 2019இல் பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. வங்கியில் காரணத்தை எழுதிக் கொடுத்து நிறுத்தி வையுங்கள். நிறுத்தினாலும், காசோலை பணமின்றித் திரும்புவதற்கான மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு வழக்கு வரலாம். காசோலை திரும்பி 30 நாளுக்குள் அவர்கள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். கையில் கிடைத்த 15 நாளுக்குள் பதில் அனுப்பிவிடுங்கள். பதில் இல்லாமல் விட்டவர்கள் நீதிமன்றத்தில் படும் பாடு அதிகம்.

அந்த ஒரு லட்சம்? இத்தகைய பத்திரங்கள் எல்லாமே செல்லாது என்று சொல்வது தவறு. மூன்றாண்டுக்குள் விலகினால் இரண்டு லட்சம் என்ற நிபந்தனையை விஜயா வங்கி வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் அது முறையான தேர்வு நடத்தி ஆள் எடுக்கும் பொதுத்துறை வங்கி. அதன் செலவும் இழப்பும் கணக்கில் வந்தன. உங்கள் பள்ளி ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி நியாயமான இழப்பீட்டைத்தான் கேட்க முடியும். எழுதிய தொகை அதற்கு உச்ச வரம்பு, அவ்வளவே. அதைவிட வலுவான வாதம் உங்கள் நியமன ஆணையிலேயே இருக்கிறது. பள்ளி உங்களுக்கு 11 மாதம் மட்டுமே வேலை உறுதி தந்துவிட்டு, உங்களிடம் 36 மாதம் உறுதி கேட்கிறது. இரண்டையும் ஒருசேர வைத்துக்கொள்ள முடியாது. எல்லா ஆண்டு ஆணைகளையும் பத்திரப்படுத்துங்கள்.

ஒருவேளை நாள் நெருங்கி, பணம் கட்டினால்தான் சான்றிதழ் என்ற கட்டம் வந்தால், கட்டிவிட்டே வாங்குங்கள். அரசு வேலையைவிட அந்தப் பணம் பெரிதல்ல. ரொக்கமாக மட்டும் தராதீர்கள். வங்கி வழி அனுப்பி, “என் உரிமைக்குப் பங்கமின்றி, சான்றிதழை மீட்பதற்காக மட்டும் செலுத்துகிறேன்” என்று அன்றே மின்னஞ்சல் போடுங்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 72ஆம் பிரிவு, வற்புறுத்தலால் வாங்கிய பணத்தைத் திருப்பித் தரச் சொல்கிறது. சட்டவிரோதமாகப் பிறர் பொருளைப் பிடித்து வைப்பதும் வற்புறுத்தல் என்று 15ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். சான்றிதழ் கைக்கு வரும்போது ஒவ்வொன்றாகப் பார்த்து, உண்மைத் தேதியிட்டு ஒப்பமிடுங்கள். வெற்றுத்தாளிலோ முன்தேதியிட்ட கடிதத்திலோ கையெழுத்து வேண்டாம்.

ஆயாம்மாவின் நிலை உங்களுடையதைவிட ஒரு விதத்தில் மேல். ஆசிரியர் தொழில் தகராறுச் சட்டப்படி ‘தொழிலாளி’ இல்லை என்று 1988இல் சுந்தராம்பாள் வழக்கில் முடிவானது. ஆயா, ஓட்டுநர், காவலாளி ஆகியோர் தொழிலாளிகளே. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் வந்த பிறகும் அப்படித்தான். அவரை நீக்கினால் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடமும் பின்னர் தொழில் தீர்ப்பாயத்துக்கும் போகலாம். அதே கட்டடத்தில், அதே வேலையை, அதே ஆட்களின் உத்தரவின்கீழ் செய்துவரும்போது ஏஜென்சியின் பெயரைப் போட்டதால் பழைய ஐந்து ஆண்டு அழிந்துவிடாது. ஐந்து ஆண்டைத் தாண்டியவர் என்பதால் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு: 9,000 ரூபாயை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, ஆறு ஆண்டால் பெருக்கினால் சுமார் 31,150 ரூபாய். விலகிய 30 நாளுக்குள் தர வேண்டும். அவர் சம்பளம் ஈ.எஸ்.ஐ. வரம்பான 21,000க்கும் பி.எஃப். வரம்பான 15,000க்கும் உள்ளேதான் இருக்கிறது. ஏஜென்சி கட்டவில்லை என்றால் பொறுப்பு பள்ளியின் மேல்தான் விழும்.

கையில் சம்பளம் வாங்கியவருக்கு வங்கிப் பதிவு இருக்காது. பழைய பள்ளி அடையாள அட்டை, பேருந்து வழித்தடத்தில் பொறுப்பு ஆயா என்று அவர் பெயரும் போன் எண்ணும் அச்சிட்ட தாள், ஆண்டு விழாப் புகைப்படம், பெற்றோர் குழுவில் அவரைப் பற்றி வந்த செய்தி ஆகியவற்றை இப்போதே சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். ஏஜென்சிக்காரர் நீட்டும் “இன்றுதான் புதிதாகச் சேர்கிறேன்” என்ற படிவத்தில் இனி கையெழுத்துப் போட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் அதன் நகலைக் கேட்டு வாங்கி, தொழிலாளர் துறைக்கு எழுதும் மனுவில் அதைத் தானாகவே குறிப்பிட்டுவிடுவது நல்லது.