மிதித்தே ஒரு கச்சேரி: எத்தனை சைக்கிள் வேண்டும்?

கேள்வி: எங்கள் சைக்கிள் குழு ஒரு மாலைக் கச்சேரி நடத்தப்போகிறது. இரண்டு பாடகர்கள், ஒரு கிட்டார், ஒரு கீபோர்டு. திறந்தவெளியில் எழுபது எண்பது பேர் கேட்பார்கள். மின்சாரம் முழுவதும் மிதித்தே வர வேண்டும் என்று ஆசை. எத்தனை சைக்கிள் வேண்டும்? எங்களிடம் இருக்கும் சாதாரண சைக்கிள்கள் போதுமா? பேட்டரி வைத்தால் ஏமாற்று வேலை ஆகிவிடாதா? அப்புறம், சைக்கிளையே வாத்தியமாக வாசிக்க முடியுமா?

பதில்: நான்கு சைக்கிள் போதும். ஆனால் இந்த எண்ணிக்கையை முடிவு செய்வது மிதிப்பவரின் கால் இல்லை, நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஸ்பீக்கர். பலரும் சைக்கிளில் ஆரம்பித்துக் கடைசியில் ஸ்பீக்கருக்கு வருகிறார்கள். நாம் தலைகீழாகப் போவோம்.

ஓரளவு பழக்கம் உள்ள ஒருவர் மூச்சு வாங்காமல் தொடர்ந்து 75 முதல் 100 வாட் வரை மிதிப்பார். பந்தய வீரர்கள் 400 வாட்டைத் தொடுவார்கள், அவர்களை நம்பித் திட்டம் போட முடியாது. டயர் உரசலிலும் ஜெனரேட்டர் சூட்டிலும் போவது போக, ஆளுக்கு 50 வாட் கைக்கு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வந்தால் லாபம்.

ஸ்பீக்கரின் முதுகில் எழுதியிருக்கும் வாட்டைப் பார்த்து மிரள வேண்டாம். நீங்கள் தேட வேண்டிய எண் வேறு: 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் ஒலி வரும் என்பது. வீட்டு ஸ்பீக்கர்களில் இது 87 டெசிபல் போல இருக்கும். மேடைக்கென்று செய்த நல்ல ஸ்பீக்கரில் 97 வரை கிடைக்கும். 10 டெசிபல் வித்தியாசம் என்றால் பத்து மடங்கு மின்சாரம். அதாவது வீட்டு ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு பத்துப் பேர் மிதித்து எழுப்பும் ஒலியை, மேடை ஸ்பீக்கரில் ஒருவரே எழுப்பிவிடலாம். 97 டெசிபல் ஸ்பீக்கர் இரண்டை வைத்து ஒவ்வொன்றுக்கும் சராசரி 10 வாட் கொடுத்தால், 10 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு 90 டெசிபல் கேட்கும். இந்தக் கூட்டத்துக்கு அது தாராளம்.

இசை ஒரே மட்டத்தில் ஓடுவதில்லை என்பதும் நமக்குச் சாதகம். உச்சத்தில் 80 வாட் கேட்கும் பாட்டின் சராசரி, பொதுவாக அதில் எட்டில் ஒரு பங்குதான். மைக், வாத்திய ஒலிகளைக் கலக்கும் மிக்சரில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டிவிடுங்கள். மின்சாரத்தை அதிகம் விழுங்குவது அடித்தொனி. பாட்டுக்கும் கிட்டாருக்கும் அது அவ்வளவாகத் தேவையில்லை.

ஆம்ப்ளிஃபயர் கிளாஸ்-டி வகையாக (மின்சாரத்தைச் சூடாக அதிகம் வீணாக்காத வகை) இருக்கட்டும், 24 அல்லது 36 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுவதாகவும் பாருங்கள். இன்வர்ட்டர் வைத்து வீட்டு மின்சாரமாக மாற்றி, அதை ஆம்ப் மறுபடி நேர்மின்சாரமாக மாற்றுவது வீண் வேலை, ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு பங்கு போய்விடும். இப்படிச் செய்தால் இரண்டு ஸ்பீக்கருக்கும் சேர்த்து, மாற்றங்களில் போகும் இழப்பு உட்பட, 60 வாட் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளலாம். அதற்கு இரண்டு சைக்கிள் போதும் என்றாலும் மூன்றை இணையுங்கள், ஆள் மாறும்போது ஒரு சைக்கிள் சும்மா நிற்குமே. மிக்சருக்கும் கீபோர்டுக்கும் 35 வாட் போலத் தேவைப்படும். நான்காவது சைக்கிள் அதற்கு.

சாதாரண சைக்கிளே போதும். பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும் ஸ்டாண்டில் உருளை ஒன்றை டயரோடு அழுத்தி, அந்த உருளை காந்த மோட்டாரைச் சுற்றும்படி செய்யலாம், வெளியிலிருந்து சுற்றினால் மோட்டாரே ஜெனரேட்டர். டயர் வழவழப்பாகவும் காற்று கெட்டியாகவும் இருக்கட்டும். கட்டம் போட்ட டயர் ஊளையிடும், மைக் அதை அப்படியே வாங்கிப் பாடும். அடிக்கடி நடத்தப்போகிறீர்கள் என்றால் மின்சைக்கிளின் ஹப் மோட்டார் பொருத்திய சக்கரம் மேல், உரசல் இழப்பே இல்லை. ஆனால் பல்சக்கரம் இல்லாத நேரடி வகையாகப் பார்த்து வாங்குங்கள். பல்சக்கரம் உள்ளதில் உள்ளே ஒருவழிக் கிளட்ச் இருப்பதால் சக்கரம் சுற்றும், மின்சாரம் வராது. காரில் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரும் வேண்டாம். அதற்கு மிக வேகமான சுழற்சி வேண்டும், தன் காந்தத்துக்கே மின்சாரம் தின்னும். ஒவ்வொரு சைக்கிளுக்கும் தனி டயோடும் (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடுவது) ஃப்யூஸும் போடுங்கள். டயோடு இல்லாவிட்டால், மிதிப்பதை நிறுத்தியவரின் மோட்டாரை மற்றவர்களின் மின்சாரம் சுழற்றும்.

சரி, பேட்டரி விவகாரம். பெரிய பேட்டரி வைத்தால் மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் பாட்டு ஓடும், பார்க்க வந்தவருக்கு எதுவும் புரியாது. அந்த வகையில் உங்கள் சந்தேகம் நியாயமானது. ஸ்பீக்கர் பக்கம் பேட்டரிக்குப் பதிலாக, கொஞ்ச நேரத்துக்கு மட்டும் மின்சாரத்தைத் தேக்கும் சூப்பர் கெப்பாசிட்டர் வையுங்கள். 2.7 வோல்ட், 350 ஃபாரட் கொண்ட ஆறை வரிசையாக இணைத்தால் 58 ஃபாரட் கிடைக்கும். 15.5 வோல்ட்டிலிருந்து 11 வோல்ட்டுக்கு இறங்குவதற்குள் அது சுமார் 3,500 ஜூல் தரும். 60 வாட் ஓட்டத்துக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகத் தாங்கும். அதன்பின் யாராவது மிதித்தாக வேண்டும். அந்த ஒரு நிமிடப் பதற்றம்தான் நிகழ்ச்சியின் சுவாரசியம். வோல்ட் ஏறி இறங்குவதைக் காட்டும் விளக்குத் தூண் ஒன்றைக் கூட்டத்தின் கண்ணில் படும்படி வையுங்கள், மிதிக்க ஆள் தானாக வரும். ஆம்ப்புக்கு 24 அல்லது 36 வோல்ட் வேண்டுமே, கெப்பாசிட்டருக்கும் அதற்கும் இடையில் வோல்ட்டை ஏற்றித் தரும் மாற்றி ஒன்று வையுங்கள். 15.5 வோல்ட்டைத் தாண்டினால் சைக்கிளைத் துண்டிக்க ஒரு ரிலே, அதாவது தானாக இயங்கும் சுவிட்ச், கட்டாயம். ஆறு கெப்பாசிட்டர்களிலும் வோல்ட் சமமாகப் பிரியும்படி சமநிலைச் சுற்று போடாமல் விடக் கூடாது.

மிக்சர் பக்கம் மட்டும் சின்ன பேட்டரி வைப்பதில் தவறில்லை என்பேன். வோல்ட் சரிந்தால் ஸ்பீக்கர் கம்மும், திரும்ப எழும். டிஜிட்டல் மிக்சர் அணைந்து முதலிலிருந்து கிளம்பினால் பாட்டே போச்சு. அந்த பேட்டரியை நான்காவது சைக்கிள் சார்ஜ் செய்துகொண்டிருக்கட்டும், கணக்கும் சுத்தம். 2022-இல் தொடங்கிய கோல்ட்ப்ளே குழுவின் உலகப் பயணத்திலேயே, ரசிகர்கள் மிதித்த மின்சாரம் பேட்டரியில் சேர்ந்துதான் பயன்பட்டது.

நின்ற இடத்தில் மிதிப்பவருக்குக் காற்று அடிக்காது. 100 வாட் வெளியே தர, உடல் அதைப் போல மூன்று மடங்குக்கும் மேல் சூடாக உமிழும். அதனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுங்கள், தண்ணீர் வையுங்கள். குழந்தைகள் வருவார்கள், சங்கிலிக்கும் பின்சக்கரத்துக்கும் மூடி இருக்கட்டும். மைக் கம்பியையும் மின் கம்பியையும் ஒன்றாகக் கட்டாதீர்கள், இரைச்சல் ஏறும்.

ஊர்வலமாகப் போய்க்கொண்டே பாட்டுப் போட நினைத்தால் கதை வேறு. ஓடும் சைக்கிளில் ஜெனரேட்டர் பூட்டுவது சுமையைக் கூட்டும். அதற்குச் சின்ன பேட்டரியும் ஒரு ஸ்பீக்கரும் போதும். சான் பிரான்சிஸ்கோவில் 2007-இல் தொடங்கிய சைக்கிள் இசை விழாவில் மேடைச் சாமான் முழுவதும் சைக்கிளிலேயே பூங்கா பூங்காவாகப் போனது. நான்கு சைக்கிள் வைத்திருக்கும் உங்களுக்கும் அது எட்டாத காரியமில்லை.

வாத்தியம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1963-இல், பின்னாளில் ராக் இசைக்கலைஞராகப் புகழ்பெற்ற இளைஞர் ஃபிராங்க் ஜாப்பா அமெரிக்கத் தொலைக்காட்சியில் சைக்கிளையே வாசித்தார். ஆரக்கம்பிகளை மீட்டினார், வில்லால் இழுத்தார், கைப்பிடிக் குழாயில் ஊதினார். கம்பியின் இறுக்கம் மாறினால் சுருதி மாறும். சக்கரம் கட்டுபவர்கள் தட்டிப் பார்த்துத்தான் இறுக்கத்தைக் கணிப்பார்கள். ஆனால் சுருதிக்காக ஓட்டும் சக்கரத்தின் கம்பியைத் தளர்த்தாதீர்கள், அது கோணும். பழைய சக்கரம் ஒன்றைத் தனியாக ஸ்டாண்டில் மாட்டி, அச்சுக்குப் பக்கத்தில், தொட்ட பொருளின் அதிர்வை வாங்கும் பியசோ மைக் ஒட்டுங்கள். அதை மிக்சரில் சாதாரண மைக் துளையில் செருகினால் ஒலி மெலிந்து கேட்கும், கிட்டாருக்கென்று இருக்கும் உள்ளீட்டில் செருகுங்கள்.