மீன்கொத்தி அலகிலிருந்து புரத மடிப்பு வரை: கேள்வி பதில்

இயற்கையைப் பார்த்து வடிவமைக்கும் பொறியியல், ஆராய்ச்சியில் செயற்கை நுண்ணறிவு ஆகிய இரண்டையும் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். புரத அமைப்பு என் துறை என்பதால் அந்தப் பதில் கொஞ்சம் நீளம்.

கேள்வி (பள்ளி ஆசிரியை): மீன்கொத்தியின் அலகைப் பார்த்துத்தான் ஜப்பான் புல்லட் ரயிலின் மூக்கைச் செய்தார்கள் என்று மாணவர்களுக்குச் சொல்கிறேன். உண்மைதானே?

பதில்: உண்மைதான் டீச்சர். ஆனால் பாதிக் கதையோடு நிறுத்திவிடாதீர்கள். ரயில் அதிவேகமாகக் குறுகலான சுரங்கத்துக்குள் நுழையும்போது, முன்னால் இருக்கும் காற்று ஒதுங்க இடமில்லாமல் அமுங்குகிறது. அந்த அழுத்த அலை மறுமுனையில் வெடிச் சத்தம்போல வெளியே வரும். ஜேஆர் வெஸ்ட் என்ற ஜப்பானிய ரயில் நிறுவனத்தின் பொறியாளர் எய்ஜி நகாட்சுவுக்குப் பறவைகள் மேல் ஈடுபாடு உண்டு. காற்றிலிருந்து தண்ணீருக்குள் அதிகம் தெறிக்காமல் பாயும் மீன்கொத்தி அவர் நினைவுக்கு வந்தது. அதோடு விட்டுவிடவில்லை. பல வடிவங்களில் தோட்டா செய்து, குழாய்க்குள் சுட்டு, எழும் அழுத்த அலையை அளந்தார்கள். கணினியிலும் ஓட்டிப் பார்த்தார்கள். நன்றாக வந்த வடிவம் மீன்கொத்தியின் அலகை ஒத்திருந்தது. அந்த மூக்கோடு 1997இல் 500 வரிசை ரயில் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடத் தொடங்கியது.

மீதிக் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். அந்த ரயிலின் மூக்கு மட்டும் 15 மீட்டர். முதல் பெட்டியில் இருக்கைகளுக்கு இடம் குறைந்துபோனது. 2007இல் வந்த என்700 ரயிலின் மூக்கை மரபணு நெறிமுறை என்ற கணினி முறையால் வடிவமைத்தார்கள். நிறைய வடிவங்களை உருவாக்கி, நல்லவற்றைத் தேர்ந்து, அவற்றைக் கலந்து, சிறு மாற்றங்கள் செய்து, மறுபடி தேர்ந்தெடுத்துக்கொண்டே போகும் முறை அது. கிடைத்த மூக்கு 11 மீட்டருக்கும் குறைவு, வேகமோ அதே 300. முதல் ரயில் ஒரு பறவையின் வடிவத்தை எடுத்துக்கொண்டது. அடுத்தது, அந்தப் பறவைக்கு அலகைக் கொடுத்த பரிணாமத்தின் வழிமுறையையே எடுத்துக்கொண்டது. வகுப்பில் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: பல்லி சுவரில் ஒட்டுவதுபோல ஒட்டும் பொருள் செய்ய முடிந்ததா?

பதில்: ஓரளவுக்கு. டோக்கே என்ற பெரிய பல்லியின் ஒவ்வொரு பாதத்திலும் சுமார் ஐந்து லட்சம் நுண்மயிர்கள் இருக்கின்றன. ஒவ்வொரு மயிரும் நுனியில் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிகிறது. கிளை நுனியின் அகலம் 200 நானோமீட்டர் அளவுதான். கெல்லர் ஆட்டம் என்ற உயிரியலாளரின் குழுவினர் 2000இல் ஒற்றை மயிரின் பிடிப்பை அளந்தார்கள். அது ஈரத்தால் ஒட்டுகிறதா என்ற சந்தேகம் இருந்தது. அதனால் நீரை ஈர்க்கும் பரப்பு, நீரை விலக்கும் பரப்பு இரண்டிலும் ஒட்டவைத்துப் பார்த்து 2002இல் வெளியிட்டார்கள். இரண்டிலும் நன்றாகவே ஒட்டியது. ஆக, மூலக்கூறுகளுக்கு இடையிலான வான் டெர் வால்ஸ் விசைதான் முக்கியக் காரணம். மயிரைச் சுமார் 30 டிகிரி கோணத்துக்குச் சாய்த்தால் தானாகக் கழன்றுகொள்ளும். ஒட்டுவதைவிட இப்படி விடுபடுவதுதான் எனக்கு அதிசயம். செயற்கை ஒட்டுப்பட்டைகள் வந்துவிட்டன, நாசா அவற்றை எடையற்ற நிலையிலும் சோதித்திருக்கிறது. ஆனால் தூசி படிந்தாலும் நடக்க நடக்கச் சுத்தமாகிவிடும் பல்லியின் பாதத்தோடு போட்டி போடுவது இன்னும் கஷ்டம்.

கேள்வி: நியூரல் நெட்வொர்க் என்பது மூளையின் நகலா?

பதில்: நகல் இல்லை. யோசனை மூளையிலிருந்து வந்தது, அவ்வளவுதான். நரம்பியல் ஆய்வாளர்கள் ஹ்யூபலும் வீசலும் பூனை மூளையில் பார்வையைக் கவனிக்கும் பகுதியான பார்வைப் புறணியில், குறிப்பிட்ட சாய்வில் உள்ள கோடுகளுக்கு மட்டும் தூண்டப்படும் செல்களைக் கண்டார்கள். அதை அடிப்படையாக வைத்து குனிஹிகோ ஃபுகுஷிமா 1980இல் நியோகாக்னிட்ரான் என்ற நியூரல் நெட்வொர்க்கை உருவாக்கினார். இன்றைய படம் அறியும் மென்பொருள்களில் பல அந்த வழியில் வந்தவை. ஆனால் இவற்றைப் பழக்கப் பயன்படும், பிழையைப் பின்னோக்கி அனுப்பித் திருத்தும் பயிற்சி முறை, மூளையில் அதே வடிவில் நடப்பதாக யாரும் நிறுவவில்லை.

கேள்வி (ஆராய்ச்சி மாணவர்): ஆல்ஃபாஃபோல்ட் வந்த பிறகு புரத அமைப்பைச் சோதனையில் கண்டுபிடிக்கும் வேலை தேவையா? என் ஆய்வே வீணாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: பயம் வேண்டாம் தம்பி. புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோர்த்த சங்கிலி. அந்தச் சங்கிலி எந்த வடிவில் மடியும் என்று கணிக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்தான் ஆல்ஃபாஃபோல்ட். அது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். ஒரே புரதம் மீனிலும் எலியிலும் மனிதனிலும் சிறு மாற்றங்களோடு இருக்கும். ஓரிடத்து அமினோ அமிலம் மாறும்போதெல்லாம் இன்னோரிடத்தில் உள்ளதும் கூடவே மாறினால், மடிந்த புரதத்தில் அந்த இரண்டும் பக்கத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். ஆல்ஃபாஃபோல்ட் 2 இந்தத் தடயங்களைப் படிக்கிறது. அதோடு, 1971இல் தொடங்கிய புரதத் தரவு வங்கியில் சோதனையாளர்கள் சேர்த்துவைத்த அமைப்புகளில்தான் அது பயிற்சி பெற்றது. புரதத்தின் அமைப்பை எக்ஸ்ரேயால் காண, உங்களைப் போன்றவர்கள் ஆய்வகத்தில் படிகம் வளர்த்த உழைப்பு அதற்குள் இருக்கிறது. ஆல்ஃபாஃபோல்டை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவரும் 2024 வேதியியல் நோபல் பரிசை, புதிய புரதங்களை வடிவமைத்த டேவிட் பேக்கரோடு பகிர்ந்துகொண்டது நியாயமானதுதான்.

திரையில் ஒரு கணிப்பைத் திறந்தால் அடர்நீலப் பகுதி மிகவும் நம்பகமானது, ஆரஞ்சுப் பகுதி நம்ப முடியாதது. ஆரஞ்சு பல நேரம் எதிலும் சேராமல் நூடுல்ஸ்போலத் தொங்கும். அங்கே புரதம் உண்மையிலேயே நிலையான வடிவம் இல்லாமல் இருக்கலாம். ஒற்றை அமினோ அமிலம் மாறினால் புரதம் கெடுமா என்பதற்கும் அந்தப் படத்தை மட்டும் நம்பக் கூடாது. மருந்து மூலக்கூறு வந்து சேரும்போது புரதம் எப்படி அசைகிறது என்பதற்கும் சோதனை வேண்டும். இன்னொன்று: சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் குழு 1963இல் வெளியிட்ட, புரதச் சங்கிலி திரும்பும் கோணங்களின் வரைபடம், புதிய அமைப்புகளைச் சரிபார்க்க இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. அணுக்கள் ஒன்றோடொன்று இடிக்காமல் எந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்ற எளிய கேள்வியிலிருந்து பிறந்தது அது.

கேள்வி: சாட்பாட்டிடம் கேட்டு இயற்கை சார்ந்த வடிவமைப்பு யோசனைகள் எடுக்கலாமா?

பதில்: யோசனைக்குக் கேளுங்கள். அது சொல்லும் உயிரினமும் அளவும் கட்டுரையும் உண்மையில் இருக்கின்றனவா என்று மூலத்தைத் திறந்து பார்த்த பிறகே எழுதுங்கள்.

கேள்வி (பொறியியல் இரண்டாம் ஆண்டு): எங்கிருந்து தொடங்குவது? செலவாகுமா?

பதில்: ஆல்ஃபாஃபோல்ட் தரவுத்தளமும் புரதத் தரவு வங்கியும் இலவசம். புரத அமைப்புகளைத் திரையில் பார்க்க உதவும் கைமெராஎக்ஸ் மென்பொருளும் மாணவர்களுக்கு இலவசம். ஹீமோகுளோபின் போல நன்கு தெரிந்த ஒரு புரதத்தை எடுங்கள். கணிப்பையும் சோதனையில் கிடைத்த அமைப்பையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, எங்கே விலகுகின்றன என்று பாருங்கள். விலகும் இடத்தின் நிறத்தைக் குறித்துக்கொண்டு அடுத்த முறை கேள்வியோடு வாருங்கள்.