உடம்பு முழுக்க வலி என்று போன அம்மாவுக்கு டாக்டர் ஏன் மனச்சோர்வு மாத்திரை எழுதினார்?

"வலியெல்லாம் மனப்பிரமை" என்று டாக்டர் நினைத்துவிட்டதாக அம்மா வருந்துகிறார் என்கிறீர்கள். அப்படி இல்லை என்பதை முதலில் அவரிடம் சொல்லுங்கள். வலி நிஜம்.

டாக்டர் 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மாத்திரையை, இரவில் ஒன்று என்று எழுதியிருக்கிறார். மனச்சோர்வுக்குப் பொதுவாக 75 மில்லிகிராமும் அதற்கு மேலும் தேவைப்படும். ஆக, இந்த அளவு வலிக்கும் தூக்கத்துக்கும்தான்.

இப்படி உடம்பு முழுக்க நாள்பட்ட வலி தரும் நோய்க்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர். அதில் தசையிலோ மூட்டிலோ பெரிய சேதம் இருக்காது. வலிச் செய்தியை நரம்பு மண்டலமே பெரிதாக்கிவிடுகிறது, ரேடியோவில் சத்தத்தைக் கூட்டி வைத்த மாதிரி. மூளைத்தண்டிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் சில நரம்புகள் அந்தச் செய்தியை அடக்க வேண்டும். அதற்கு அவை பயன்படுத்துபவை நோர்அட்ரினலின், செரோடோனின் என்ற ரசாயனங்கள். இவை சீக்கிரம் மறைந்துவிடாமல் மாத்திரை பார்த்துக்கொள்கிறது. தூக்கமும் ஆழமாகும், என்னைக் கேட்டால் பாதி நன்மை அதில்தான்.

பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். எல்லோருக்கும் கேட்காது, கேட்டாலும் வலி குறையுமே தவிர முழுதாகப் போவது அரிது. வாய் வறட்சி, மலச்சிக்கல், காலையில் மந்தம் வரலாம். மந்தம் அதிகமென்றால் மாத்திரையைக் கொஞ்சம் முன்னதாகப் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

இதய நோய், கண் அழுத்தம், சிறுநீர் அடைப்பு இருந்தாலோ, டிரமடால் என்ற வலி மாத்திரை போன்ற வேறு மாத்திரை எடுத்தாலோ அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். தானாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். அப்புறம், தினமும் கொஞ்சம் நடக்கச் சொல்லுங்கள். ஃபைப்ரோமயால்ஜியாவில் உடற்பயிற்சிக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது.