அதிபரைக் கேலி செய்தால் வம்பு வருமா?

ஜோஹன்னஸ்பர்க் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஆபீஸில் எல்லோரும் அதிபரைக் கிண்டலடிக்கும் வீடியோக்களை அனுப்பிச் சிரிக்கிறார்கள், விசாவில் இருக்கும் நானும் சிரிக்கலாமா, பகிரலாமா என்று கேட்டிருந்தீர்கள் தம்பி.

தாராளமாகச் சிரியுங்கள். பகிர்வதில்தான் ஒரு விஷயம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

இந்தச் சுதந்திரம் சும்மா கிடைத்ததில்லை. தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சியில் பீட்டர்-டர்க் எய்ஸ் என்ற நாடகக்காரரின் நாடகங்களைத் தணிக்கைக் குழு தடை செய்தது. மனிதர் என்ன செய்தார் தெரியுமா, விக்கும் லிப்ஸ்டிக்குமாக எவிட்டா என்ற ஆளுங்கட்சி எம்.பி.யின் மனைவியாக மேடை ஏறிவிட்டார். அந்த அம்மா பாபெட்டிகோஸ்வெட்டி என்ற நாட்டுக்குத் தூதராம்! அப்படி ஒரு நாடே கிடையாது, கறுப்பின மக்களை ஒதுக்கித் தள்ள அரசு உண்டாக்கிய 'தாயகங்களை' நக்கலடிக்க வைத்த பெயர். எவிட்டா அரசைத் திட்டவே மாட்டார், புகழ்ந்து தள்ளுவார், அந்தப் புகழ்ச்சியிலேயே எல்லாம் அம்பலமாகும். ஆட்சியைப் புகழ்ந்தார் என்று எப்படி வழக்குப் போடுவது? ஒன்று மட்டும், அவர் வெள்ளையர், அன்று ஆட்சியை வைத்திருந்த ஆஃப்ரிகானர் என்ற வெள்ளையர் சமூகத்து வீட்டுப் பிள்ளை. ஒரு கறுப்பினக் கலைஞர் இதையே செய்திருந்தால் விட்டிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

1994ல் நிறவெறி ஆட்சி முடிந்த அப்புறமும் உரசல் நிற்கவில்லை. பாலியல் வழக்கு ஒன்றில், உறவுக்குப் பின் குளித்தால் எச்ஐவி அபாயம் குறையும் என்று, பின்னாளில் அதிபரான ஜேக்கப் ஜூமா 2006ல் சாட்சி சொன்னார். வழக்கில் விடுதலையாகிவிட்டார், ஆனால் கார்ட்டூனிஸ்ட் ஸபிரோ அவர் தலையில் வரைந்த ஷவர் குழாய் மட்டும் லேசில் இறங்கவில்லை. 2008ல் நீதி தேவதையை ஜூமா சீரழிக்கப் போவதுபோல ஸபிரோ வரைந்ததற்குப் பெரிய தொகை கேட்டு ஜூமா வழக்குப் போட்டார், அதிபராக இருக்கும்போதே 2012ல் விசாரணைக்கு முன் கைவிட்டார். நம்மூரில் 1987ல் ஒரு அட்டைப்பட ஜோக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியரைச் சட்டமன்றமே சிறைக்கு அனுப்பியது, உங்கள் அப்பாவைக் கேட்டுப் பாருங்கள். இங்கே அதிபரும் எல்லோரையும்போல வக்கீல் வைத்துத்தான் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. எனக்கு இந்த ஊர் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, பகிர்வது. பதவியில் இருப்பவரின் முட்டாள்தனத்தைக் கேலி செய்யுங்கள், மின்வெட்டு ஜோக்குகளுக்கு இங்கே யாரும் கோபப்படுவதில்லை. ஆனால் அதே ஜோக் தோல் நிறத்தையோ இனத்தையோ தொட்டால் கதையே வேறு. அரசியல் சாசனத்தின் 16ஆம் பிரிவே இன வெறுப்பைத் தூண்டும் பேச்சுக்குப் பாதுகாப்புக் கிடையாது என்கிறது. கறுப்பின மக்களை இழிவாகச் சொல்லும் ஒரு பழைய சொல்லைப் போலீஸ்காரரிடம் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு பெண்ணுக்கு 2018ல் ஜெயில் தண்டனையே விதித்தார்கள். நம்மாட்கள் குரூப்புகளில் சிரிப்பு என்ற பெயரில் வருவதில் பாதி இந்த ரகம், அதுவும் தமிழில்தானே என்ற தைரியத்தில் வரும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து மொழிபெயர்க்க நம்மாளே ஒருவர் போதும். அந்த ரகத்தை ஆபீஸ் குரூப்புக்கு மட்டுமில்லை, யாருக்குமே அனுப்பாதீர்கள்.