777 குடுத்தும் பர்மிஷன் இல்லேங்குதே!

கேள்வி: பச்சை இலை எடைக் கணக்குக்கு ஒரு வெப் சாஃப்ட்வேர் எழுதி ஆர்பிஎம் பேக்கேஜா (லினக்ஸ்ல இன்ஸ்டால் பண்ற ஃபைல்) கட்டி இங்க ஒரு டீ ஃபேக்டரி சர்வர்ல போட்டேன் சார். டேட்டாபேஸ் வார் லிப் கீழ ஒரு ஃபோல்டர்ல இருக்கு. என் லேப்டாப்ல ஓடுது, அங்க எடையை சேவ் பண்ணினா வெப் சர்வர் அப்பாச்சி பர்மிஷன் டினைடுங்குது. யார் வேணா எழுதலாம்ங்கற 777 பர்மிஷனும் குடுத்துப் பாத்தாச்சு. எஸ்இலினக்ஸ் தடுக்காம இருக்க செட்என்ஃபோர்ஸ் 0 அடிச்சாதான் ஓடுது. அப்படியே விட்டுடலாமா?
- வாசகர், கோத்தகிரி

பதில்: விடாதீங்க. முதல்ல அந்த 777ஐ எடுங்க, பாவம் அது ஒண்ணும் பண்ணல. 2024 மே 7லருந்து நம்ம நீலகிரிக்கு வர்ற வண்டிக்கு இ-பாஸ் வந்துச்சில்ல, லைசன்ஸ் ஆர்சி எல்லாம் பக்காவா இருந்தாலும் பாஸ் எங்கேன்னு கல்லாறுல நிறுத்துவாங்க, நம்ம ஊர் டிஎன் 43 பிளேட்டுன்னா கேக்கவே மாட்டாங்க. லினக்ஸுக்குள்ள இருக்கற கூடுதல் காவல் எஸ்இலினக்ஸும் அப்படித்தான், சிஎச்மாட்ல குடுத்த பர்மிஷன் சரியா இருந்தாலும் ஃபைல் மேல ஒட்டியிருக்கற லேபிளையும் பாக்கும். எல்எஸ் இசட் போட்டுப் பாருங்க, வார்_லிப்_டின்னு காட்டும். அதுல எழுத அப்பாச்சிக்கு அனுமதி கிடையாது. உங்க லேப்டாப்ல கெட்என்ஃபோர்ஸ் அடிச்சா பெர்மிசிவ்னு (தடுக்காம எழுதி வெக்க மட்டும் செய்யும்) வரும்னு பந்தயமே கட்டுவேன்.

சிஎச்கான் போட்டு லேபிளை மட்டும் மாத்தி ஒட்டுப் போடாதீங்க, அடுத்த ரீலேபிள்ல பழைய லேபிளே வந்துடும். ஆர்பிஎம் கட்டற ஸ்பெக் ஃபைல்ல, இன்ஸ்டால் ஆனதும் ஓடற போஸ்ட் பகுதில செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட் வெச்சு அந்த ஃபோல்டருக்கு அப்பாச்சி எழுதக்கூடிய எச்டிடிபிடி_சிஸ்_ஆர்டபிள்யூ_கன்டென்ட்_டின்னு ரூல் சேருங்க. ஆனா ஆர்பிஎம் ஃபைலை வைக்கறப்பவே பழைய பாலிசிப்படி லேபிள் ஒட்டிடும், உங்க ரூல் அதுக்கப்புறம்தான் வருது, அதனால அடுத்த வரிலயே ரூல்படி லேபிளை மாத்தற ரெஸ்டோர்கான் ஆர் ஓட்டணும். மினிமல் சர்வர்ல செமேனேஜே இருக்காது, அது இருக்கற பாலிசிகோர்யூடில்ஸ் பைதான் யூடில்ஸை ஸ்பெக்ல ரிக்வயர்ஸ்ல போட்டுடுங்க.

இப்ப நான் விழுந்த குழியச் சொல்றேன். ரூலை அழிக்கற வரிய, பேக்கேஜ் போனப்புறம் ஓடற போஸ்ட்அன்ல சும்மா எழுதிட்டேன். அப்டேட் போடறப்ப புதுப் பேக்கேஜோட போஸ்ட் முதல்ல ஓடும், பழசோட போஸ்ட்அன் அதுக்குப் பின்னாடி ஓடும், புதுசு சேத்த ரூலைப் பழசு வந்து தொடச்சிட்டுப் போயிடுச்சு. அன்னிக்கு ஒண்ணும் தெரியல. யாரோ ரெஸ்டோர்கான் அடிச்ச அன்னிக்குதான் ஃபேக்டரில போன் வந்துச்சு, இலை லாரி வரிசைல நிக்குது, நான் குன்னூர்ல மழைல நனஞ்சுகிட்டு நிக்கிறேன். போஸ்ட்அன்ல, ஆர்பிஎம் குடுக்கற டாலர் 1 பூஜ்யமா இருந்தா மட்டும் அழின்னு ஒரு இஃப் போடுங்க, முழுசா அன்இன்ஸ்டால் பண்றப்பதான் அது பூஜ்யமாகும்.

இன்னொண்ணு, பேக்அப் டேட்டாபேஸை ஹோம்லருந்து எம்வி (மூவ்) பண்ணினா ஹோம் லேபிளோடயே வந்து உக்காரும், சிபி (காப்பி) பண்ணச் சொல்லுங்க. எல்லாம் முடிஞ்சதும் செட்என்ஃபோர்ஸ் 1 போட்டு ஒரு எடையைப் பதிஞ்சு பாருங்க, மறுபடி மறுத்தா எஸ்இலினக்ஸ் மறுத்ததைக் காட்டற ஆசர்ச் ஏவிசில வர்ற வரிய அப்படியே எனக்கு அனுப்புங்க.