அப்பாவின் பண்ணையை எப்போது, எப்படிப் பிள்ளைகள் பொறுப்பில் விடுவது?

அப்பாவுக்கு 70 வயதாகிவிட்டது, பத்திரத்தை இப்போதே மாற்றலாமா, பொறுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பத்திரத்துக்கு முன்னால் கைமாற வேண்டியது கணக்கு நோட்டு. பட்டுத் தெரிந்துகொண்டதால் சொல்கிறேன்.

11 வருடம் அப்பாவோடு பண்ணையில் உழைத்தேன். டிராக்டர் ஓட்டுவேன், தண்ணீர் பாய்ச்சுவேன். என்ன விதைப்பது, எப்போது விற்பது, யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அவர் மனதில்தான் இருந்தது. ஒருநாள் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோனது. அடுத்த வாரமே மேற்கு வயலுக்குத் தண்ணீர் ஏறவில்லை. மண்ணுக்கடியில் பைப் எந்தப் பக்கம் போகிறதென்று எனக்குத் தெரியாது. மூன்று நாள் தோண்டினேன். கடைசியில் ஒரு தாளில் வயலை வரைந்து அப்பாவிடம் நீட்டினேன். இடது கை விரலால் கிணற்று மூலையைத் தொட்டார். ஒரு முழ ஆழத்தில் வால்வு இருந்தது.

அதனால், ஒரு வயலையாவது இப்போதே முழுசாக உங்களிடம் விடச் சொல்லுங்கள். விதை, உரம், விற்பனை, நஷ்டம் எல்லாம் உங்கள் பொறுப்பு. அப்பா இருக்கும்போதே ஒரு முறை தப்புச் செய்துவிடுவது நல்லது, ஏன் என்று கேட்க ஆள் இருக்கும். இப்படி விடாமல் வைத்திருப்பது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. ஜப்பானில் 2020 கணக்கெடுப்பின்படி விவசாயமே முக்கியத் தொழிலாக உள்ளவர்களின் சராசரி வயது 68-ஐ நெருங்கிவிட்டது.

அப்புறம் பாகம். இதில்தான் குடும்பங்கள் உடைகின்றன. நிலத்தை அளந்து பிரிக்கலாம். கிணற்றையும் மோட்டாரையும் எப்படிப் பிரிப்பது? துண்டு சிறுத்தால் யாருக்கும் கட்டுப்படியாகாது. என் தங்கை வெளியூரில் இருக்கிறாள். அவள் பங்கை நான் குத்தகைக்கு எடுத்து வருடாவருடம் பணம் கொடுக்கிறேன், அதை எழுதியும் வைத்திருக்கிறோம். வாய்ப்பேச்சாக விடாதீர்கள்.

உயில் எழுதியவர் காலத்துக்குப் பிறகே செல்லும், அதுவரை மாற்றி எழுதலாம். தானமாக எழுதிக் கொடுத்தால் அப்போதே சொத்து கைமாறிவிடும், திரும்ப வாங்குவது பெரும்பாடு. அந்த வழி என்றால், பெற்றோர் கடைசிவரை இருக்க வீடும் செலவுக்கு வருமானமும் அதே பத்திரத்தில் இருக்க வேண்டும். உங்கள் ஊர்ச் சட்டம் தெரிந்த வக்கீலிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அதற்குள் அப்பாவோடு ஒரு முறை பண்ணை முழுக்க நடந்து, பைப், வால்வு, தண்ணீர் தேங்கும் மூலை எல்லாவற்றையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் வயலில் இன்னும் இரண்டு வால்வைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.