மெதுவாக ஓடினால் போதுமா? ஓட்டம் பற்றி வாசகர் கேள்விகள்

வயது 42. மூன்று மாதமாகத் தினமும் காலையில் 5 கி.மீ. ஓடுகிறேன். 38 நிமிடம் ஆகிறது. அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. அன்று முழுக்கச் சோர்வு வேறு. கைக்கடிகாரம் நாடித்துடிப்பு 168, 170 என்று சிவப்பில் காட்டுகிறது. முயற்சி போதவில்லையா? (வாசகர், மதுரை)

முயற்சி கூடிப்போய்விட்டது. தினமும் அதே 5 கி.மீ., தினமும் நேற்றைய நேரத்தை முந்தும் பந்தயம். ஓய்வுக்கு இடமே இல்லை.

வாரம் நான்கு நாள் போதும். மூன்று நாள் மெதுவோட்டம். கிலோமீட்டருக்கு எட்டரை, ஒன்பது நிமிடம் ஆனாலும் பரவாயில்லை. பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்பதுதான் அளவு. ஒற்றைச் சொல்லாக வந்தால் வேகம் அதிகம். பேச்சு வரும்வரை நடங்கள்; நடப்பது தோல்வி அல்ல. தூரத்தைப் பார்க்காமல் 30 நிமிடம் என்று நேரத்தைக் கணக்கு வையுங்கள். நான்காவது நாள் மட்டும் வேகம்: 10 நிமிடம் மெதுவோட்டம், பிறகு 1 நிமிடம் விரைவாக, 2 நிமிடம் நடை என்று ஆறு முறை, கடைசியில் 10 நிமிடம் மெதுவோட்டம். இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தத்தின் அளவும், தசைக்குள் இருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்களும் மெதுவோட்டத்திலேயே நன்றாக வளரும். ஆறு முதல் எட்டு வாரத்தில், இதே மூச்சுக்கு வேகம் கூடியிருப்பது தெரியும்.

கடிகாரத்தை அப்படியே நம்ப வேண்டாம். மணிக்கட்டில் ஒளி வைத்து அளக்கும் கருவிகள் சில சமயம் நாடியை விட்டுவிட்டுக் காலடி எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளும். நிமிடத்துக்கு 165, 170 அடி என்பது ஓடுபவர்களிடம் சாதாரணம். சந்தேகம் வந்தால் நின்று, உடனே கழுத்தில் விரல் வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். 220-லிருந்து வயதைக் கழித்து உச்ச நாடித்துடிப்பைச் சொல்லும் கணக்கும் ஆளுக்கு ஆள் 10, 12 துடிப்பு முன்பின் போகும். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தவே பொருந்தாது. நெஞ்சில் இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

வயது 34. ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் ஓடுகிறேன். இரண்டு மாதத்தில் 3 கி.மீ.யிலிருந்து 8 கி.மீ.க்கு வந்துவிட்டேன். இப்போது முழங்காலுக்குக் கீழே, உள்பக்க எலும்பு ஓரமாக வலி. ஓடத் தொடங்கும்போது இருக்கும், உடம்பு சூடானதும் குறையும், மறுநாள் காலை திரும்ப வரும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடலாமா? (வாசகி, கோயம்புத்தூர்)

கூடாது. மாத்திரை வலியை மறைக்கும், எலும்பின் மேல் விழும் சுமையைக் குறைக்காது. உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது இபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்கும் நல்லதல்ல.

முதலில் உட்கார்ந்து, கட்டைவிரலால் அந்த எலும்பு ஓரத்தை மேலிருந்து கீழாக அழுத்திப் பாருங்கள். நாலு விரல் அகலத்துக்குக் குறையாமல் பரவலாக வலித்தால், அநேகமாக அது ஓடுபவர்கள் 'ஷின் ஸ்பிளிண்ட்ஸ்' என்று சொல்லும் எலும்பு உறை வலி. விரல் நுனி அளவு ஒரே புள்ளியில் சுளீரென்று வலித்தாலோ, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, ஒற்றைக் காலில் குதிக்கவே முடியாவிட்டாலோ எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். அப்படியானால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரிடம் போங்கள். முதல் இரண்டு மூன்று வாரத்தில் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமல் போவது உண்டு. 'எக்ஸ்ரே நார்மல்' என்றதும் ஓடக் கிளம்பிவிடாதீர்கள், எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள். மாதவிடாய் தள்ளிப்போகிறது என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஓடும் அளவுக்குச் சாப்பிடாவிட்டால் முதலில் மாதவிடாய் தடுமாறும், கூடவே எலும்பும் பலவீனமாகும்.

பரவலான வலிதான் என்றால் முழு ஓய்வு தேவையில்லை. வலிக்குப் பத்துக்கு மதிப்பெண் போட்டால் மூன்றைத் தாண்டாமலும், மறுநாள் காலை வலியின் சுவடு இல்லாமலும் ஓட முடிகிற தூரம் எதுவோ அதற்கு இறங்குங்கள். 1 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை என்று பத்து முறை தொடங்கலாம். இடைப்பட்ட நாட்களில் சைக்கிள்.

கெண்டைக்கால் தசைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் பயிற்சி வேண்டும். மாடிப்படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குங்கள். இறக்கும்போது மூன்று விநாடி எடுத்துக்கொள்ளுங்கள். முழங்காலை நீட்டி 12 தடவை மூன்று சுற்று, லேசாக மடக்கி 12 தடவை மூன்று சுற்று. மடக்கிச் செய்வதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஓடும்போது அதிகச் சுமை தாங்கும் உள்தசைக்கு அதுதான் வேலை கொடுக்கும். 15 தடவை சுலபமாக வந்ததும் முதுகுப்பையில் 5 கிலோ அரிசியைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒற்றைக் காலில் 20 தடவை நிதானமாகச் செய்ய முடிந்த பிறகு 8 கி.மீ. பற்றி யோசிக்கலாம்.

இன்னொன்று, ஒரு நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். 156 வந்தால், வேகத்தைக் கூட்டாமல் 164 ஆக்குங்கள். அடி குறுகும், கால் உடம்புக்கு அடியிலேயே இறங்கும், அதிர்வு குறையும். தூரம் கூட்டும்போது கடந்த 30 நாளில் ஓடிய மிக நீளமான ஓட்டத்தைப் பார்த்து, அதைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தாண்டாதீர்கள். வாரக் கணக்கைச் சரியாக வைத்துக்கொண்டு, கூடுதல் தூரம் மொத்தத்தையும் ஞாயிற்றுக்கிழமை தலையில் கட்டுபவர்களுக்குத்தான் இந்த வலி அதிகம்.

ஏப்ரல் பிறந்தால் அதே 10 கி.மீ.க்கு நாலைந்து நிமிடம் கூடுகிறது. காலை ஐந்தரைக்கே கிளம்பியும் இப்படித்தான். எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்? (வாசகர், சென்னை)

ஐந்தரைக்கு வெயில் இல்லை. ஆனால் காற்றில் ஈரம் உச்சத்தில் இருக்கும் நேரம் அது. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும், சொட்டினால் குளிராது. நேரம் கூடுவது இயல்பு, அதைத் துரத்தாதீர்கள். வெப்பத்துக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரை தூரத்தைக் குறையுங்கள்.

தண்ணீர் அளவு ஆளுக்கு ஆள் மாறும். ஓடுவதற்கு முன்னும், ஓடி முடித்து உடம்பைத் துடைத்த பின்னும் எடை பாருங்கள். 1 கிலோ குறைந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் போயிருக்கிறது. நடுவில் குடித்ததையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். அத்தனையையும் ஓடும்போதே ஈடுகட்ட வேண்டாம், தாகத்துக்குக் குடித்தால் போதும். எடை *கூடியிருந்தால்* அதுதான் ஆபத்து: ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய்த் தலைவலி, குமட்டல், குழப்பம் வரும்.

இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். அதனால் நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு உப்புப் போட்ட மோரோ நீராகாரமோ மேல். ஓ.ஆர்.எஸ். கலந்தால் 1 லிட்டர் பாக்கெட்டை 1 லிட்டரில்தான் கலக்க வேண்டும். சுவைக்காக அரை லிட்டரில் கலந்தால் வயிறு புரட்டும்.

கூட ஓடுபவர் தள்ளாடினாலோ உளறினாலோ நிழலில் படுக்க வைத்து உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.

வயது 51. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் எடுக்கிறேன். ஓடலாமா? (வாசகர், தஞ்சாவூர்)

ஓடலாம், ஆனால் தொடங்கும் முன் டாக்டரிடம் இதயம், கண், பாதம் மூன்றையும் பார்த்துவிடுங்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை தாழ்வது அரிது. கிளிமெபிரைடு தாழ்த்தக்கூடியது. கிளம்பும் முன் குளுக்கோமீட்டரில் பாருங்கள்: 90-க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், 250-க்கு மேல் இருந்து உடம்பும் சரியில்லை என்றால் அன்று ஓட்டம் வேண்டாம். பையில் எப்போதும் 15 கிராம் குளுக்கோஸ் பொடி இருக்கட்டும். கை நடுக்கம், திடீர்ப் படபடப்பு வந்தால் 'வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்' என்று நடக்காதீர்கள். அங்கேயே சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஓடிய அன்று ராத்திரிகூடச் சர்க்கரை இறங்கலாம். மாத்திரை அளவை நீங்களாகக் குறைக்க வேண்டாம். ஓடி வந்ததும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பது கட்டாயம். மரத்த காலில் கொப்புளம் தெரியாது.

இதுவரை அதிகபட்சம் 6 கி.மீ. ஓடியிருக்கிறேன். பத்து வாரத்தில் அரை மாரத்தான். பெயர் கொடுக்கலாமா? (வாசகி, திருச்சி)

10 கி.மீ. பிரிவில் கொடுங்கள். 21.1 கி.மீ.க்கு அடுத்த ஆண்டு.

மூவாயிரம் ரூபாய் ஷூ போதுமா, பத்தாயிரம் ரூபாய்க்கு வாங்க வேண்டுமா? (வாசகர், சேலம்)

விலை காயத்தைத் தடுக்காது. போட்டு ஓடிப் பார்த்ததும் உறுத்தாத ஷூதான் நல்ல ஷூ. பாதம் சற்றே வீங்கியிருக்கும் மாலை வேளையில், ஓடும்போது போடும் சாக்ஸோடு கடைக்குப் போங்கள். நீள விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். வாங்கிய தேதியை நாக்குப் பட்டையின் உள்பக்கம் எழுதி வையுங்கள். 500 முதல் 800 கி.மீ.க்குள் நடுப்பகுதி நுரை அமுங்கிவிடும், அடிப்பாகம் புதிதாகத் தெரிந்தாலும்கூட. பழையது முழுக்கத் தேயும் முன்பே புதியதை வாங்கி, முதல் இரண்டு வாரம் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுங்கள்.